மூடிமேல் வைத்த சிவப்பு நகப்பூச்சு

ஓடிப்போனாளாம். யார் சொன்னது? ரொட்டி சுடுகிற உம்மு சபாஹ் சொன்னாளாம். அவள் அடுப்பில் ரொட்டியைவிட அதிகம் வேகிறது ஊரார் கதைதான். ஓடிப்போகிறவள் காலை பத்து மணிக்கு, தெருவில் அத்தனை கதவும் திறந்திருக்கும் நேரத்தில், ஒரு கையில் கருவிப்பெட்டியும் மறு கையில் ஐந்து லிட்டர் கேனுமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தா போவாள்? வழியில் நின்று பேசிவிட்டு வேறு போவாளா? அதுவும் யாரோடு, இதே உம்மு சபாஹோடு! விஜ்தான் வாசல் வழியாகப் போனாள். செருப்பின் வாரைக்கூட நிதானமாகத்தான் மாட்டினாள்.

இன்னொரு பொய் இதைவிட மோசம். கல்யாண வீடியோ எடுக்கிற ஹாத்திமின் கம்ப்யூட்டரில் கண்ட தண்ணீரை ஊற்றிப் பாழாக்கிவிட்டாளாம், அந்த வெட்கத்தில்தான் வீட்டைவிட்டுப் போனாளாம். வெட்கப்பட வேண்டியவர்கள் இன்றைக்கும் அதே தெருவில் காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் உறிஞ்சுகிறார்கள். எந்தத் தண்ணீர், எவர் கை, எந்த நாள் என்று தெரியாதவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும்.

விஜ்தானுக்கு முப்பத்து நாலு வயது. பஸ்ரா தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவள். தகப்பன் போனபின் தம்பி முஹன்னத் வீட்டின் முன்னறையைக் கடையாக்கினான். முன்னால் மேஜை போட்டு அவன். நடுவில் பலகைத் தடுப்பு. தடுப்பில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி நுழைகிற அளவுக்குச் சதுரமாக ஓர் ஓட்டை, அதற்கு ஒரு பூப்போட்ட திரை. திரைக்குப் பின்னால் அவள். கெட்ட பெட்டி ஓட்டை வழியாக உள்ளே போகும், நல்ல பெட்டியாக வெளியே வரும். "எங்க இன்ஜினியர் பார்த்துட்டாரு" என்று முஹன்னத் வாடிக்கைக்காரரிடம் சொல்வான். பார்த்துட்டாரு! பெண்கள் படம் இருக்கிற பெட்டியாக இருந்தால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "கவலைப்படாதீங்க, எங்க அக்காதான் திறப்பா" என்பான். ஆகத் தெருவுக்கே தெரியும் வேலை யாருடையது என்று. தெரிந்தும் ஒன்பது வருடம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நல்லது நடந்தவரை இன்ஜினியர். கெட்டது நடந்த அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விஜ்தான் என்ற பெயர் ஞாபகம் வந்தது.

பஸ்ராவில் கோடைக்காற்றே அடுப்பிலிருந்து புறப்பட்டு வருகிறது. வெறும் ஃபேன் வைத்த கம்ப்யூட்டர் திணறும். அதனால்தான் விளையாட்டுப் பைத்தியங்களும் வீடியோக்காரர்களும் தண்ணீர் ஓடுகிற கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். உள்ளே ஒரு சின்ன பம்ப், சூடேறுகிற சில்லின் தலைமேல் ஒரு செம்புத்தகடு, அதிலிருந்து இரண்டு டியூப், காரில் இருப்பதைப் போல ஒரு ரேடியேட்டர், மூடி போட்ட ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடிச் சூட்டைக் கொண்டுபோய் வெளியே கொட்டும்.

அப்படிப்பட்ட பெட்டி வந்தால் விஜ்தான் திரையில் ஓடுகிற எண்களைப் பார்ப்பதற்கு முன் கையைத்தான் வைப்பாள். இடது கையில் ஒரு டியூப், வலது கையில் மற்றது. இரண்டும் ஒரே சூடாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, ரேடியேட்டர்தான் மூச்சு விட முடியாமல் கிடக்கிறது. தூசியைத் தட்டினால் போதும். ஒன்று கொதித்து, ஒன்று பச்சைத்தண்ணீராக இருந்தால் ஓட்டம் நின்றுவிட்டது. அடுத்து பம்பின் மேல் ஒரு விரல். நடுங்கினால் உயிர் இருக்கிறது. உயிர் இருந்தும் ஓடவில்லையென்றால் உள்ளே காற்று அடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பை. பெட்டியை மடியில் சாய்த்து, பால் குடித்த பிள்ளைக்கு ஏப்பம் வரவைப்பது போல முதுகில் தட்டுவாள். குமிழி கொளகொளவென்று தொட்டிக்கு ஏறிவிட்டால், "போ, பொழைச்சுக்கோ" என்று அதனிடமே சொல்லி ஓட்டை வழியாகத் தள்ளிவிடுவாள். மின்சாரம் போய்த் தெரு ஜெனரேட்டர் வருகிற அந்த இடைவெளியில் விழுந்து எழுந்திருக்காத பம்புகள் எத்தனையோ அவள் விரல் பட்டு எழுந்தன.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதக்காரி. பஸ்ராக்காரர்களுக்குத் தண்ணீர் இரண்டு வகை. குழாயில் வருவது உப்பு, குளிக்க, துவைக்க. லாரியில் வருவது நல்ல தண்ணீர், குடிக்க, சமைக்க. பிறந்ததிலிருந்து "நல்ல தண்ணி, நல்ல தண்ணி" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அதைவிட நல்லது ஒன்று உண்டு என்று மண்டையில் ஏறாது. கோடையில் ஆறு இளைத்துக் கடல் உள்ளே ஏறி வருகிறபோது லாரிக்காரன் அதில் எதைக் கலக்கிறான் என்பது அவனுக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும். விஜ்தான் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் தொட்டியில் விடமாட்டாள். அதில் துருப்பிடிக்காமல் இருக்க மருந்து, அளந்து. தொட்டியை மூடியபின் மூடியும் கழுத்தும் சேருகிற இடத்தில் ஒரு சொட்டுச் சிவப்பு நகப்பூச்சு வைப்பாள். கல்யாணங்களுக்குப் பூசிக்கொள்ள வாங்கிய குப்பி. விரலில் ஏறியதைவிட மூடிகளில் ஏறியதுதான் அதிகம். யாராவது மூடியைத் திருகினால் பூச்சு விரிசல் விடும். ஏன் இப்படி என்று கேட்ட தம்பிக்கு, "என் கை பட்டதுக்கு நான் பொறுப்பு. மத்த கைக்கு நான் பொறுப்பில்ல" என்றாள். அவன் சிரித்தான். சிரித்தவன் ஞாபகம் வைத்துக்கொண்டான், அதுதான் விஷயம்.

ஜூலையில் தங்கை ஷதாவுக்குப் பிள்ளை பிறந்தது. விஜ்தான் மூன்று நாள் தங்கை இருக்கிற ஸுபைருக்குப் போனாள். ஒன்பது வருடத்தில் மூன்று நாள்! அந்த மூன்று நாளில் ஹாத்திம் வந்தான். கல்யாணங்களில் பெண்கள் கூடத்தில் அவன் தங்கை எடுக்கிற படமெல்லாம் அவன் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அதனால் அவன் வேறு கடைக்குப் போவதே இல்லை. பெட்டி சூடாகிறது என்றான். முஹன்னத், "அக்கா வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளைக்கு என்ன மரியாதை? திறந்தான். வீட்டுக் கூலரில் பழைய தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் நிரப்புகிறோமே, அதைப் போலத் தொட்டியை முழுக்க வடித்தான். சமையலறைக் கேனிலிருந்து நல்ல தண்ணீரைப் பிடித்து ஊற்றினான். விரிசல் விட்ட நகப்பூச்சின் மேல் சிவப்பு மார்க்கர் பேனாவால் தீட்டினான். அக்கா வந்து கேட்டபோது, "ஹாத்திம் வந்தான், தூசி தட்டிக் கொடுத்தேன்" என்றான். தட்டவே இல்லை அந்தத் தூசியை. ஜூன் மாதத்துப் புழுதிப்புயல் முழுவதும் ரேடியேட்டரில் கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. ஒரு பிரஷ்ஷால் தீரவேண்டிய சங்கதி அது.

ஆகஸ்ட் கடைசியில் ஹாத்திம் திரும்ப வந்தான். தெருமுனையில் வரும்போதே சத்தம்.

"முஹன்னத்! உன் இன்ஜினியரை வெளிய வரச் சொல்லு. நாளைக்குக் கல்யாண வீட்டுக்குப் படம் கொடுக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் படுத்துக்குது இது."

"உக்காரு தலைவா, டீ சொல்றேன்."

"உன் டீயைக் கொண்டுபோய் அதுல ஊத்து!"

பெட்டி ஓட்டை வழியாக வந்தது. விஜ்தான் அதை ஓடவிட்டு இரண்டு டியூபையும் பிடித்தாள். ஒன்று கையைச் சுட்டது. ஒன்று சுவரைப் போலச் சூடே இல்லாமல் கிடந்தது. பம்பில் விரல் வைத்தாள், நடுங்கியது. மடியில் சாய்த்துத் தட்டினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. தொட்டியில் தண்ணீர் கண்ணாடியில் ஒட்டியது போல அசையாமல் நின்றது. அப்போதுதான் மூடியைப் பார்த்தாள். சிவப்பு இருந்தது, மினுக்கம் இல்லை. எச்சிலைத் தொட்டுத் தேய்த்தாள். விரலெல்லாம் சிவப்பு.

உடனே மின்சாரத்தை நிறுத்தினாள். நிறுத்தவும் உள்ளே ஒரு சின்ன வெடிச்சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. ரேடியேட்டரின் அலுமினியக் கழுத்து அரித்துப்போய், ஊசிமுனை ஓட்டை வழியாகத் தண்ணீர் பல நாளாகக் கசிந்து கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுந்திருந்தது. கார்டும் போனது, மதர்போர்டும் போனது. செம்புத்தகட்டைக் கழற்றிப் பிரித்தாள். தலைமுடி கனத்துக்கு வெட்டியிருந்த வரிகள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளைக் காரையும் பச்சைப் பாசியும் சேற்றுநாற்றமுமாக அடைத்துக் கிடந்தது.

முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் பார்த்தாள். கல்யாணப் படம் ஒன்று விடாமல் இருந்தது. அதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, தம்பியைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள்.

"என்னடா ஊத்துன?"

"எதை?"

விரலைக் காட்டினாள். அவன் தரையைப் பார்த்தான்.

"தண்ணிதானே ஊத்துனேன். விஷமா ஊத்துனேன்? நாம குடிக்கிற நல்ல தண்ணி. என் பிள்ளைக்குக் கொடுக்கிற தண்ணி!"

"பிள்ளை ஒண்ணுக்குப் போயிரும்டா. இது எங்க போகும்? ஊத்துன உப்பு உள்ளேயேதான் சுத்தும். சரி, ஊத்துனே. வந்தவுடனே என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே வடிச்சிருப்பேன். இத்தனை நாள்! பேனாவால வேற தீட்டி வச்சிருக்கே."

"கத்தாதேக்கா, அவன் வெளிய இருக்கான்."

"இருக்கட்டும். போய் அவன்கிட்ட சொல்லு, தப்பு உன்னுதுன்னு. படம் பத்திரமா இருக்குன்னும் சொல்லு."

"சொல்றேன், சொல்றேன்" என்று போனான். படம் பத்திரம் என்பதை மட்டும் சொன்னான். ஆனால் படத்தை வெட்டி ஒட்ட வேறு கம்ப்யூட்டர் தேடி ஹாத்திம் அலைந்ததில் ஒரு வாரம் போய்விட்டது. கல்யாண வீட்டார் அவனை நடுத்தெருவில் வைத்துத் திட்டினார்கள். திட்டு வாங்கிய ஹாத்திம் தன் குலத்தாரிடம் போய் நின்றான். குலத்தார் ஆள் அனுப்பினார்கள்: வெள்ளிக்கிழமை வருகிறோம், நியாயம் பேச வேண்டும்.

நியாயம் முஹன்னத்தின் பெரியப்பா ஹாஜி சாசிப் வீட்டுக் கூடத்தில் நடந்தது. இந்தப் பக்கம் இருபது ஆண்கள், அந்தப் பக்கம் இருபது. சமையலறையில் பெண்கள். சுவர் மெல்லிசு, இருமினால்கூடக் கேட்கும். ஹாத்திமின் மாமா முன்னால் காப்பிக் கோப்பையை வைத்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை அவர் அதைத் தொடமாட்டார் என்பது முறை. அவர் கேட்டது சின்னத் தொகை இல்லை. கேட்டதும் சொந்தக்காரர் எல்லோரும் தொண்டையைச் செருமினார்கள், கொடுக்கிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஹாஜி சாசிப் தாடியைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நீங்க கேட்டது சரிதான். எங்க பையன் கை பட்டிருந்தா இப்பவே எடுத்து வைப்போம். ஆனா அது அவன் செஞ்சதில்ல. உள்ள ஒரு பொம்பள இருக்கா. ஏதோ தெரியாம தண்ணியை ஊத்திட்டா. இனி நீங்களே சொல்லுங்க. ஒரு பொம்பள கைத்தவறுக்கு நாப்பது ஆம்பளைங்க உக்காந்து நியாயம் பேசுனாங்கன்னு பஸ்ரா சிரிக்க வேணாமா?"

 ஹாத்திமின் மாமா சிரித்தார்.

"அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா ஹாஜி? பொம்பள செஞ்சதுக்கு நாங்க கேட்டு வந்தோம்னா வெட்கம் எங்களுக்குத்தான். விட்டாச்சு. ஆனா ஒண்ணு. இனிமே அவ எந்த மிஷினையும் தொடக்கூடாது. ஊர்ல இன்னும் எத்தனை பேருது கெடுமோ."

"தொடமாட்டா. என் மீசை மேல வாக்கு."

காப்பி குடிக்கிற சத்தம் கேட்டது. முஹன்னத் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். இருமக்கூட இல்லை.

விஜ்தான் கையில் சோற்றுத்தாம்பாளம். மீனும் எலுமிச்சையும் அடுக்கி, தூக்கினால் முதுகு ஒடியும் கனம். அதை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கூடத்துக் கதவைப் பார்த்து நடந்தாள். தாய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யும்மா, கையை விடு."

"வேணாம் மகளே. முடிஞ்சுதுல்ல. தம்பி தப்பிச்சான். வீடு தப்பிச்சுது."

"நான்?"

"உனக்கு என்னாச்சு? யாரும் உன்னை ஒண்ணும் சொல்லலியே."

ஒன்றும் சொல்லவில்லையாம்! நாற்பது வாயும் அவளைத்தான் மென்றுகொண்டிருந்தது. தாய்க்கு அது காதில் விழவில்லை, அல்லது விழுந்ததை விழுங்கிக்கொண்டாள். தாம்பாளத்தை வேறு யாரோ எடுத்துப் போனார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். மீன் ருசியாக இருந்தது என்று உள்ளே சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் முஹன்னத் சதுர ஓட்டையின் மேல் பலகை வைத்து ஆணி அடித்தான். அடிக்கிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று அடித்தான். பன்னிரண்டு ஆணி. விஜ்தான் பின்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். அழவில்லை. அழுதாள் என்று உம்மு சபாஹ் சொல்கிறாள். அவள் என்ன பலகைக்குள்ளா இருந்தாள்?

நாலு நாள்தான் ஆனது. கடையில் ஏழு பெட்டி சேர்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் மத்தியானம் முஹன்னத் போர்வையில் எதையோ சுற்றி, களவாடியதைக் கொண்டுவருவது போலப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தான்.

"அக்கா, இது ஒண்ணை மட்டும் பார்த்துக் கொடு. பம்ப் சுத்துது, சூடு குறையல. யாருக்கும் தெரிய வேணாம்."

"பெரியப்பா மீசை என்னாகிறது?"

"அவருக்குத் தெரியாம."

"அப்ப என் கை படலாம், பேரு மட்டும் படக்கூடாது. அப்படித்தானே?"

"ஏன்க்கா எதையும் குத்தலாவே பேசுற? வீட்டுக்குள்ள நடக்கிறதுதானே."

"தூக்கிட்டுப் போ."

"அக்கா..."

"போர்வையோட தூக்கிட்டுப் போ. கல்யாணத்துக்கு வாங்கின போர்வை அது, அதையும் கிரீஸ் ஆக்காதே."

அந்த வாரமே ஒருத்தி வந்தாள். அவளும் பின்வாசல் வழியாகத்தான் வந்தாள், ஆனால் எதையும் மூடிக்கொண்டு வரவில்லை. ஹாத்திமின் தாய், உம்மு ஹாத்திம். அஷார் கடைத்தெருவில் முப்பது வருடமாகத் தையல் கடை நடத்துகிறவள். குரலில் கத்தரிக்கோல் உண்டு. மகனின் புதுக் கம்ப்யூட்டரை ஒரு ஆள் தலையில் ஏற்றிக் கொண்டுவந்து விஜ்தான் முன்னால் இறக்கினாள்.

"இதுவும் சூடாகுதாம். உன் தம்பி கை படக்கூடாதுன்னு சொன்னான் என் மகன். நீ கெடுத்தேன்னு இவங்க சொன்னதை அவன் நம்பல. நான் பாதி நம்புனேன், பொய் சொல்லமாட்டேன். நீயே சொல்லு, என்ன நடந்தது?"

விஜ்தான் பழைய பெட்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த செம்புத்தகட்டை அவள் கையில் கொடுத்தாள். உம்மு ஹாத்திம் வெள்ளைக் காரையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"அட, கெண்டி அடியில படியிற உப்பு! இந்தக் கோடையில லாரித் தண்ணியைக் காய்ச்சி எத்தனை கெண்டி தேச்சிருப்பேன்."

"நான் ஊத்துற தண்ணி படியாது."

"எப்படித் தெரியும் எனக்கு?"

விஜ்தான் இரண்டு தேநீர்த் தட்டுகளை எடுத்தாள். ஒன்றில் தன் கேனிலிருந்து பேட்டரித் தண்ணீர். ஒன்றில் சமையலறைக் கேனிலிருந்து நல்ல தண்ணீர். இரண்டையும் மாடியில் கொண்டுபோய் வைத்தாள். அந்த வெயிலுக்கு அடுப்பு எதற்கு? இரண்டு பெண்களும் ஒரு டம்ளர் எலுமிச்சைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தட்டுகள் காய்ந்துவிட்டன. ஒரு தட்டு அலம்பி வைத்தது போல இருந்தது. மற்றதில் சுண்ணாம்புக் கோடு வட்டமாக உட்கார்ந்திருந்தது.

உம்மு ஹாத்திம் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத் தன் குலத்தாரையும் அவள் குலத்தாரையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுத்தில் போட முடியாது.

விஜ்தான் புதுப் பெட்டியின் பக்கம் கையை நீட்டவில்லை. "முதல்ல ஒரு இடத்துக்குப் போயிட்டு வரேன்" என்று தட்டுகளையும் தகட்டையும் பழைய தொட்டியின் மூடியையும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனாள். கூடத்துக்குள் போனாள், சமையலறைக்குள் இல்லை. ஹாஜி சாசிப் தனியாக உட்கார்ந்து ஜபமணி உருட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் தாம்பாளத்தை இறக்கினாள்.

"இது என் தண்ணி. இது உங்க தம்பி மகன் ஊத்துன தண்ணி. இது அவன் தீட்டுன மூடி. தேச்சுப் பாருங்க, சாயம் வரும்."

கிழவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். தொட்டதை நாக்கில் வைத்தார். மூடியைத் தேய்த்தார். அவர் முட்டாள் இல்லை. பேரீச்சந்தோட்டத்தில் உப்பேறி மரம் சாவதைக் கண்ணால் பார்த்தவர்.

"தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ செய்யலன்னு. அன்னிக்கே தெரியும். முஹன்னத் என்கிட்ட சொல்லிட்டுத்தான் உக்காந்தான்."

 தம்பி சொன்னதை நம்பி ஏமாந்துதான் பெரியப்பா அப்படிச் சொன்னார் என்று விஜ்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அறிந்தே சொல்லியிருக்கிறார்.

"அப்ப அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

"எப்படிம்மா? காப்பி குடிச்சாச்சு. வாக்கு கொடுத்தாச்சு. திரும்பப் போய்ப் பொய் சொன்னேன்னு நின்னா நம்ம குலத்துக்கே தலை குனிவு. நீ நல்ல பொண்ணு. ஒரு வருஷம் பொறுத்துக்கோ, ஊரு மறந்துரும். உனக்கு என்ன குறை, சோறு இருக்கு, தம்பி இருக்கான்."

"பெரியப்பா, நீங்க மீசை மேல வாக்கு கொடுத்தீங்க. மீசை உங்களுது. கை என்னுது. உங்களுதைக் கொடுத்திருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

தகட்டையும் மூடியையும் எடுத்துக்கொண்டாள். தட்டுகளை அங்கேயே விட்டாள். கழுவி வைக்கட்டும் என்று விட்டாள்.

உம்மு ஹாத்திம் இன்னும் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். விஜ்தானின் முகத்தைப் பார்த்ததும், "என் கடையில இடம் இருக்கு. உள்ள துணி வைக்கிற அறை காலியாத்தான் கிடக்கு" என்றாள்.

"உள்ள வேணாம் அத்தை. வாசல் பக்கம் ஒரு மேஜை வேணும். போறவங்க வர்றவங்க கண்ணுக்குத் தெரியணும்."

"வாசல்ல நான் துணி வெட்டுற மேஜை இருக்கே."

"அதுல பாதி."

உம்மு ஹாத்திம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருடமாக அந்த மேஜையின் பக்கத்தில் இன்னொரு கத்தரிக்கோலைக்கூட அவள் வைக்கவிட்டதில்லை. "பாதிதான்" என்றாள் கடைசியில். "ஒரு ஜாண் கூடக் கொடுக்கமாட்டேன். உன் தண்ணி என் துணி மேல சொட்டுச்சுன்னா அப்பத் தெரியும் நியாயம்னா என்னன்னு."

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி. விஜ்தான் கருவிப்பெட்டியை எடுத்தாள். பேட்டரித் தண்ணீர்க் கேனை எடுத்தாள். நகப்பூச்சுக் குப்பியைக் கைப்பையில் போட்டாள். தாய் முற்றத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, கத்தி மட்டும் நின்றது. விஜ்தான் குனிந்து அவள் தலையில் முத்தமிட்டாள்.

"சாயங்காலம் சாப்பிட வருவியா?" என்றாள் தாய், காயைப் பார்த்தபடியே.

"நீ கூப்பிட்டா வருவேன், யும்மா. அவன் கூப்பிட்டா வரமாட்டேன்."

பின்வாசல் பக்கம் போகாமல் கடை வழியாக நடந்தாள். மேஜைக்குப் பின்னால் முஹன்னத், அவனைச் சுற்றித் திறக்காத பெட்டிகள். வாடிக்கைக்காரர் இரண்டு பேர். ஒன்பது வருடத்தில் அவள் அந்தப் பக்கமிருந்து தடுப்பைப் பார்த்ததே இல்லை. ஆணி அடித்த பலகையை ஒரு கணம் பார்த்தாள்.

"அக்கா, எங்க? ஆளுங்க இருக்காங்க, உள்ள போ."

"இருக்கட்டுமே. நல்லா பார்க்கட்டும். ஒன்பது வருஷமா இவங்க கேட்டுட்டிருந்த இன்ஜினியர் நான்தான்."

வாடிக்கைக்காரரில் ஒருவர் எழுந்து வழிவிட்டார். வாசலில் உட்கார்ந்து செருப்பின் வாரை மாட்டினாள். பிறகு வெயிலில் இறங்கினாள்.

ரொட்டி அடுப்புக்கு நேரே வந்தபோது உம்மு சபாஹ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கடி மூட்டை முடிச்சோட? உன் பெரியப்பா வாக்கு என்னாச்சு?"

"அவர்கிட்டயே பத்திரமா இருக்கு. உன் மகன் கம்ப்யூட்டர் அலறுதுன்னு போன மாசம் சொன்னியே, அஷாருக்கு எடுத்துட்டு வா. தையல் கடை, வாசல் மேஜை. யார்கிட்ட கேட்டாலும் சொல்லுவாங்க, விஜ்தான் எங்கேன்னு கேளு."

உம்மு சபாஹ் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். அடுப்புக்குள்ளிருந்து ரொட்டி கருகுகிற வாசம் வந்தது.

"எடுத்துட்டு வர்றதுக்கு முன்னால மூடியை நீ திறந்து பார்க்காதே" என்றாள் விஜ்தான், கேனைக் கை மாற்றிக்கொண்டு. "திறந்தா எனக்குத் தெரியும்."